பதிமூன்றாம் அளவு

அன்று மாலை நாலரை மணிக்குக் கட்டிடத்துக்குள் இருந்தவர்கள் இவர்கள்:

கண்ணாடி அறையில் மேனேஜர், வயது இருபத்தாறு.
பேக்கிங் மேஜையில் அக்கா மகள்.
வாசல் ஷட்டருக்குப் பக்கத்தில் வாட்ச்மேன்.
அலமாரிகளுக்கு நடுவே அவளுடைய மாமா, ஃப்ளோர் சார்.

ஆக நாலு பேர். காலை ஷிஃப்ட் ஆட்கள் மூன்று மணிக்கே போய்விட்டார்கள். ஃப்ளோர் சார் இதை மனதுக்குள் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தார். காரணம், அவர் நின்றிருந்தது பி வரிசையில். விளக்கு எரிந்துகொண்டிருந்தது ஜி வரிசையில்.

ஏழு வரிசைகளுக்கும் சென்சார் விளக்கு. ஆள் நடந்தால் எரியும். ஒரு நிமிடம் அசைவு இல்லையென்றால் டிக் என்ற சத்தத்தோடு அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த கம்பெனி செய்த ஏற்பாடு. அவர் பெட்டி எடுக்க உள்ளே போகும்போது முன்னால் வெளிச்சம் விரிந்துகொண்டே போகும், பின்னால் இருட்டு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். அது பழகிப்போயிருந்தது. ஆள் இல்லாத வரிசையில் விளக்கு அணையாமல் இருப்பதுதான் புதிது. கால் மணி நேரமாக அது அணையவில்லை.

கண்ணாடி அறைக் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், ஜி-ல ஏன் லைட் எரியுது? எலி ஓடுதா?"

"எலியா இருக்காதுங்க. சென்சார் இடுப்பு உயரத்துல இருக்கு."

"அப்ப உயரமான எலி" என்று சிரித்துவிட்டு மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃப்ளோர் சார் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் போகவும் இல்லை.

ஃப்ளோர் சார் என்பது அவருடைய பெயர் இல்லை. கட்டிடம் கடையாக இருந்த காலத்தில் தரைத்தளத்துக்கு அவர் பொறுப்பாளர், அதனால் வந்த பட்டம். அந்தத் தெருவிலேயே பெரிய செருப்புக் கடை அது. தெருவும் அப்போது தெருவாக இருந்தது. தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது பத்து ஷட்டரில் ஆறு மூடிக் கிடக்கின்றன. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம், கடிகாரக்கடை இருந்த இடத்தில் பார்சல் எடுக்கும் இரும்புப் பெட்டிகள். செருப்புக் கடை இரண்டு வருடம் பூட்டிக் கிடந்து, பிறகு ஒரு கம்பெனி அதை வாடகைக்கு எடுத்து ஆன்லைன் ஆர்டர் கிடங்காக மாற்றியது. வாடிக்கையாளர் யாரும் உள்ளே வரப்போவதில்லை என்பதால் முன்பக்கக் கண்ணாடி முழுவதும் பெரிய படம் ஒட்டிவிட்டார்கள். கையில் பைகளோடு சிரித்துக்கொண்டு போகிற கூட்டத்தின் படம். வெளியிலிருந்து பார்த்தால் கடை நிறைய ஜனம். உள்ளிருந்து பார்த்தால் அந்த முகங்களின் பின்புறம்தான். வெயில் சாயும்போது கண்ணும் பல்லும் இருக்கும் இடங்களில் மட்டும் லேசாகச் சிவப்பு கசியும்.

கட்டிடத்தின் மூலைமுடுக்கு தெரிந்தவர் என்று அவரைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பொறுப்பாளராக அல்ல, பெட்டி எடுத்துக் கொடுப்பவராக. மேனேஜர் அங்கிள் என்பார். வாட்ச்மேன் மட்டும் பழைய பழக்கத்தில் ஃப்ளோர் சார் என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் சட்டைக் காலரில் ஏதோ ஊர்வது மாதிரி இருக்கும்.

கையிலிருந்த ஸ்கேனர் பீப் என்றது. புது ஆர்டர்.

பெண்கள் செருப்பு, கறுப்பு. அளவு 13. எண்ணிக்கை 1. இடம் ஜி-0.

இரண்டு முறை படித்தார். பெண்களுக்கு எட்டுக்கு மேல் அளவு கிடையாது. ஆண்களுக்கே பதினொன்றோடு முடிந்துவிடும். அலமாரித் தட்டுகள் ஒன்றிலிருந்து ஆறு வரை. பூஜ்யம் என்று ஒரு தட்டு எந்த வரிசையிலும் இல்லை.

'பொருள் இல்லை' என்று அழுத்தினார். விரல் வியர்த்திருந்தது, இரண்டாவது தடவைதான் திரை ஏற்றுக்கொண்டது.

பிறகு தள்ளுவண்டியைப் பேக்கிங் மேஜைக்கு உருட்டிக்கொண்டு போனார். அக்கா மகள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். இடது காலை ஊன்றி நின்றாள். பிறகு வலது காலுக்கு மாற்றினாள். மேஜைக்கு அடியில் ஷூவின் பின்புறத்தை மிதித்து மடக்கி வைத்திருந்தாள். உள்ளே கால் நுழையவில்லை போலும். கணுக்கால் எலும்பு தெரியவில்லை.

"மாமா, ஸ்டூலைப் பத்தி மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணும் பாப்பா. சமயம் பாத்துதான் கேக்கணும்."

"நீங்க சமயம் பாக்குறதுக்குள்ள என் கால் ரெண்டும் தூணாயிடும். அப்புறம் என்மேல கூரை போட்டுக்கலாம்."

அவள் குரல் அப்படியே அக்காவின் குரல். போனில் பேசினால் அக்கா இருந்த காலத்திலேயே சொந்தக்காரர்கள் யாரென்று தெரியாமல் குழம்புவார்கள். சிரிப்பும் அதே சிரிப்பு, பாதியில் மூச்சை இழுத்துக்கொள்ளும்.

"ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் இங்க ஸ்டூல் இருந்தது. எவன் போய் என்ன சொன்னானோ, ராத்திரியோட ராத்திரியா காணாமப் போச்சு. அம்மாவுக்காவது நீங்க இருந்தீங்க. முடியலன்னதும் சேரைப் போட்டு உக்கார வச்சீங்க, தண்ணி குடுத்தீங்க. எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?"

அவர் பெட்டிகளை மேஜைமேல் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாக, ஓரம் சரிபார்த்து. நிமிரவில்லை.

"பதிமூணுல ஒரு ஆர்டர் வந்திருக்கு" என்றார். வேறு ஏதாவது பேச வேண்டும் என்றுதான் சொன்னார். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது.

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். "பதிமூணா? அப்ப எங்கம்மாதான் ஆர்டர் போட்டிருக்காங்க" என்று சிரித்தாள். பாதியில் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

*

பதிமூன்று அக்காவின் கண்டுபிடிப்பு.

அந்தக் கடையில் வேலை நேரம் பத்து மணி நேரம். உட்காரக் கூடாது. மெத்தை வைத்த பெஞ்சுகள் வாடிக்கையாளருக்கு. கவுன்ட்டரில் சாய்வதும் கூடாது. அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அக்காதான். மூன்றாவது நாள் மாலை அவருக்குக் கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே, அக்கா சத்தமாகச் சொன்னாள்.

"தம்பி, இந்த மாடல்ல பதிமூணு இருக்கா பாருப்பா."

"லேடீஸ்ல எட்டுக்கு மேல வராதேக்கா?"

"பாருன்னா பாரு. கீழ்த்தட்டுல நல்லா உள்ள தள்ளி இருக்கும். ஒண்ணும் அவசரமில்ல."

அவர் கவுன்ட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டிகளை விலக்கித் தேடினார். கடைசியில் ஒரு காலிப் பெட்டி. மேலே கறுப்பு மையில் 13. உள்ளே ஒன்றுமில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது. தொடையிலிருந்து பாதம்வரை ரத்தம் இறங்கி ஓடியது. நூறு எண்ணிவிட்டு எழுந்து, "ஸ்டாக் இல்லைங்க" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உனக்கு மூளை முட்டியிலதான்டா இருக்கு. முட்டி மடங்கினாத்தான் வேலை செய்யுது."

இருபது வருடம் அந்தக் கடையில் எல்லாரும் பதிமூன்று தேடினார்கள். எந்தப் பொறுப்பாளருக்கும் தெரியாது. அவரே பொறுப்பாளர் ஆகும்வரை.

அவர் பொறுப்பாளர் ஆன காலத்தில்தான் தெரு செத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் காலை நுழைத்துப் பார்ப்பார்கள், நாலடி நடந்து பார்ப்பார்கள், செருப்பைப் படம் எடுத்துக்கொள்வார்கள், யோசித்து வருவதாகச் சொல்வார்கள். வாசற்படி இறங்கும் முன்பே கைபேசியில் ஆர்டர் போயிருக்கும். மீதி நேரம் ஈ ஓட்டினார்கள். ஆளைப் பாதியாகக் குறைக்கப்போகிறோம் என்று முதலாளி சொன்ன வாரம், அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து ஒரு கஸ்டமர் கேக்குறார், கடையில ஆளே இல்லையான்னு. நாலு பேர் இருந்தீங்களே, எங்கய்யா போயிருந்தீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டீ குடிக்கப் போனார்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவரே நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, பதிமூன்றைப் பற்றி முழுவதும் சொன்னார். சொல்லும்போது ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் பிற்பாடு தூக்கத்தில் வந்து வந்து குத்தியது. முதலாளி தலையாட்டிய விதம். தன் வேலை தப்பித்தது என்று அந்த நிமிடமே தெரிந்த விதம்.

மறுநாள் காலை ஃப்ளோர் சார் எல்லாரையும் நிற்க வைத்து, கீழ்த்தட்டுகளைப் பலகை வைத்து ஸ்க்ரூ முடுக்கி மூடினார். தானே செய்தார். 13 என்று எழுதிய பெட்டியை எல்லாருக்கும் தெரியும்படி நாலாகக் கிழித்தார். அன்றிலிருந்து மணிக்கொருதரம் தளத்தின் கோடியில் நின்று தரையோடு தரையாகக் குனிந்து, கவுன்ட்டர்களுக்கு அடியில் தெரியும் கால்களை எண்ணினார். யாருடைய கால் மடங்கியிருக்கிறது, யார் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அங்கிருந்தே தெரிந்துவிடும்.

பெட்டியைக் கிழித்தபோது அக்கா அவரைப் பார்த்தாள். கோபமில்லை. எதுவுமில்லை.

"சரி சார்" என்றாள்.

அதுவரை அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஐந்து வருடம் முன்பு, கடையின் கடைசித் தள்ளுபடி. நெடுநாளைக்குப் பிறகு கூட்டம். மதியத்துக்கு மேல் அக்கா அவரிடம் வந்தாள். வலது கால் முழங்கால்வரை வீங்கி, தோல் மினுமினுத்தது. உதடு வெளுத்திருந்தது. முதலாளி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, பதிமூணு இருக்கா பாக்கட்டுமா?"

சார் இல்லை. தம்பி.

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, கஸ்டமரிடம் சொல்லும் குரலில் சொன்னார். "இல்ல. பதிமூணு இல்ல."

அக்கா திரும்பப் போய் நின்றாள். ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். இடது, வலது, இடது, வலது. அவருக்குத் தெரியும், அவர் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அந்தக் கால்கள் இரண்டும் அசைவற்று நின்றன. பிறகு கவுன்ட்டருக்கு அடியில் அக்காவின் முகம் வந்தது. கன்னம் தரையில் பட, கண் திறந்தபடி, நேராக அவர் குனிந்திருந்த திசையைப் பார்த்து.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

அக்கா மகளிடம் அவர் வேறு சொன்னார். முடியவில்லை என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன், இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்படியே போய்விட்டாள். அந்தப் பெண் இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எங்கம்மா உட்கார்ந்த நிலையில் போனார்கள், என் மாமா பக்கத்தில் இருந்தார். அவருக்கும் அது மட்டும்தான் மிச்சம். உலகத்தில் ஒரே ஒரு ஆள் அவரை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமும் அவர் காத்துவந்தது அதைத்தான்.

*

ஐந்தரைக்கு ஸ்கேனர் மறுபடி கூப்பிட்டது.

அளவு 13. இடம் ஜி-0. திரையின் கீழே புதிதாக ஒரு வரி: வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

மேனேஜர் வெளியே வந்தார். "அங்கிள், இதை ஏன் இல்லன்னு போட்டீங்க? சிஸ்டம்ல இருக்குன்னா இருக்கும். மூணு தடவை இல்லன்னு போனா சென்டருக்குத்தான் கெட்ட பேரு."

"அந்த அளவே கிடையாதுங்க."

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க." போகிறபோக்கில் தோளில் தட்டினார். "நீங்க சொன்ன ஐடியா சூப்பர் அங்கிள். ஸ்டூலை எடுத்ததும் பேக்கிங் வேகம் எப்படி ஏறிடுச்சு பாத்தீங்களா? அனுபவம்னா அனுபவம்தான்."

மெதுவாகத்தான் சொன்னார். பேக்கிங் மேஜைக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது. அவருக்கு முகமெல்லாம் சூடேறி, காது மடல்வரை எரிந்தது. இரண்டு மாதம் முன்பு மேனேஜர், பழைய ஆள்தானே, வேகம் கூட்ட ஏதாவது வழி சொல்லுங்களேன் என்று கேட்டபோது, யோசிக்காமல் வாயிலிருந்து வந்தது அது. உட்காரக் கூடாது. வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஸ்டூலில் அப்போது யார் உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது.

ஆறரைக்கு மேனேஜர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஏழு மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவார். கண்ணாடிப் படத்தின் முகங்களில் கசிந்த சிவப்பு மங்கி, சாம்பல் நிறமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது.

ஆறே முக்கால். ஸ்கேனர். அளவு 13. வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

அவர் போனார்.

சி, டி, ஈ. ஒவ்வொரு விளக்காகத் தலைக்குமேல் எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று அணைந்தது. புது அட்டையின் வாசனையும் ரப்பர் வாசனையும் எஃப் வரிசை வரைக்கும் வந்தன. அதற்கப்பால் வேறு வாசனை. பழைய மரம், செருப்புப் பசை, நாள் முழுக்க மூடியிருந்த காலின் வியர்வை, அதன்மேல் வலித்தைலம். அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழிவறையில் நின்றபடியே காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

ஜி வரிசையில் ஒரு பக்கம் புது இரும்பு அலமாரி. மறுபக்கம், சுவரோடு சுவராக, பழைய கடையின் மர அலமாரி. பெயர்த்தால் சுவரும் சேர்ந்து வரும் என்று கம்பெனி விட்டுவைத்தது. பெண்கள் பிரிவு இருந்த இடம். அலமாரிக்கு முன்னால் அக்கா நின்ற மரப்பலகைத் தளத்தின்மேல் சாம்பல் நிற ரப்பர் விரிப்பு. அதில் இரண்டு பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒரு ஜோடிப் பாதத்தின் அளவில். இருபத்தைந்து வருடம் ஒரே இடத்தில் நின்று தேய்ந்த பலகை. தள்ளுவண்டியின் சக்கரம் அங்கே எப்போதும் சிக்கும். அவர் அங்கே கால் வைத்ததில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் யாருமில்லை.

ஆனால் சத்தம் இருந்தது. பலகை முனகும் சத்தம். இடது பள்ளத்தில் ஒருமுறை. நிதானமாக ஒரு மூச்சு விடும் நேரம். வலது பள்ளத்தில் ஒருமுறை. யாரோ காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். பலகை தாழ்வதும் எழுவதும் ரப்பர் விரிப்பில் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் பள்ளங்களைச் சுற்றிச் சுவரோரமாகப் போய், அலமாரியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவரே அடித்த பலகை. பெட்டி பிரிக்கும் கத்தியின் முனையால் ஸ்க்ரூக்களைத் திருகினார். துருப்பிடித்திருக்க வேண்டியவை. விரலால் திருகியது மாதிரி கழன்று வந்தன. பலகை முன்னால் சாய்ந்தது. உள்ளே இருட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது, வாயிலிருந்து வருவது மாதிரி.

கையை விட்டார். ஆழத்தில், நன்றாக உள்ளே தள்ளி, ஒரு பெட்டி.

கறுப்பு மையில் 13.

கிழிசல் இல்லை. ஒட்டுப் போட்ட தடமும் இல்லை.

பின்னால் பலகை முனகுவது நின்றது.

அவர் திரும்பினார். பள்ளங்கள் காலியாக, அசையாமல் இருந்தன. அவர் தரையோடு தரையாகக் குனிந்தார். யோசித்துச் செய்யவில்லை, பழைய பழக்கம். எல்லா அலமாரிகளுக்கும் அடியில் ஒரு ஜாண் இடைவெளி. அந்த நீண்ட இருட்டுப் பிளவின் கோடியில் பேக்கிங் மேஜையின் வெளிச்சம். அக்கா மகளின் கால்கள். மடக்கி மிதித்த ஷூ. இடது, வலது.

அவளுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால்.

வெறுங்கால். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாத வீக்கம். மினுமினுக்கும் தோல். அவளை ஒட்டி, அதே திசையைப் பார்த்து.

இடது. அதுவும் இடது.

வலது. அதுவும் வலது.

அங்கிருந்தே கூப்பிட்டார். "பாப்பா!"

"என்ன மாமா?" மேஜையிலிருந்துதான் குரல் வந்தது. சாதாரணமாக.

"உக்காரு. உடனே உக்காரு!"

"எங்க உக்கார? ஸ்டூல் எங்க இருக்கு?"

இரண்டு ஜோடிக் கால்களும் நின்றன. ஒரே நேரத்தில். அக்காவின் கால்கள் கடைசியில் நின்றது மாதிரியே நின்றன. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்து முகம் வரும். எந்த முகம் என்பதுதான் தெரியாது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்!" என்று கத்தினார். தரையில் வாய் உரசிக்கொண்டிருந்தது, தூசி நாக்கில் ஒட்டியது. "ஸ்டூலை எடுக்கச் சொன்னது நான்தான். சேர் போடல பாப்பா. உங்கம்மாவுக்கு நான் சேர் போடல. கேட்டா. என்கிட்ட வந்து கேட்டா. நான் இல்லன்னு சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே போயிட்டா. தண்ணிகூடக் குடுக்கல. பாத்துக்கிட்டிருந்தேன். இப்படிக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிளவின் கோடியில் கால்கள் நகர்ந்தன. எத்தனை ஜோடி என்று எண்ண முடியவில்லை. இந்தப் பக்கம் வந்தன. பி. சி. டி. காலடி கேட்டது, மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து. ஆனால் விளக்கு எரியவில்லை. அவை கடந்த ஒரு வரிசையிலும் எரியவில்லை.

அவர் எழுந்து நின்றார்.

வரிசையின் முனையில் அவள் நின்றாள். ஜி விளக்கின் வெளிச்சம் அவள் இடுப்புவரைதான் எட்டியது. மேலே இருட்டு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மட்டும் லேசாக ஆடியது. தைல வாசனை மூக்கை அடைத்தது.

"பாப்பா" என்றார். பிறகு, அதைவிட மெல்ல, "அக்கா?"

ஆடிய அட்டையை அவள் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு பேசினாள். கோபமில்லை. எதுவுமில்லை.

"சரி சார்."

திரும்பிப் போனாள். காலடிகள் தேய்ந்தன. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் அட்டை விழும் சத்தம். அவளுடைய பையின் ஜிப். அவர் பின்னாலேயே ஓட நினைத்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். கால் பள்ளத்தில் இறங்கியது. அடுத்த காலும் இறங்கியது. கச்சிதமாக. அவருக்கென்றே தேய்த்து வைத்த மாதிரி.

காலைத் தூக்கினார். வரவில்லை.

உட்காரப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை.

வாசலில் வாட்ச்மேனின் சாவிக்கொத்து குலுங்கியது. அவர் தினமும் கேட்கும் கேள்விதான்.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா? ஃப்ளோர் சார் போயிட்டாரா?"

கத்தியிருக்கலாம். நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. ஆனால் கத்தினால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். எதில் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். அவள் பார்ப்பாள். அந்தக் கூச்சத்தில் ஒரு கணம் வாய் மூடியே இருந்தது. ஒரே ஒரு கணம்.

வாசலிலிருந்து பதில் வந்தது. மகளின் குரலா, அம்மாவின் குரலா என்று யாராலும் பிரிக்க முடியாத குரல்.

"இல்லைங்க. யாரும் இல்ல."

டிக். விளக்கு அணைந்தது. இருட்டில், காதுக்கு மிக அருகில், யாரோ அலுப்போடு கீழே உட்காரும் சத்தம் கேட்டது. நீண்ட பெருமூச்சு. எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்தன. பிறகு அவருடைய காலருகே, அலமாரியின் அடியிலிருந்து, ஒரு குரல் ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ண ஆரம்பித்தது.

அவர் எடையை இடது காலுக்கு மாற்றினார். பலகை முனகியது. விளக்கு எரிந்தது.

வலது காலுக்கு மாற்றினார்.

வாசலில் அவள் படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கித் தரையில் மோதியது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.